படிவத்தின் இரண்டாம் பக்கம்

குன்னூர்,
19.1.2025

அன்புள்ள எல்சா அக்காவுக்கு,

கர்த்தருடைய கிருபையால் இங்கே நானும் டெனினும் இருக்கிறோம். ‘நலம்’ என்று எழுதத்தான் கை வரவில்லை. நீயும் மாமாவும் சுகமா? அவலாஞ்சிக் குளிருக்கு மாமாவின் முழங்கால் வலி கூடியிருக்குமே. லிஜி நர்சிங் காலேஜிலிருந்து லீவுக்கு வந்தாளா?

உன் குவார்ட்டர்ஸில் டவர் கிடைப்பதில்லை. பவர்ஹவுஸ் போனுக்குக் கூப்பிட்டால் நாலு பேர் நிற்கிற இடத்தில் நீ பேச வேண்டும். என் தொண்டையும் போய்விட்டது. அதனால்தான் கடிதம். எமரால்டு வரை தபாலில் வந்துவிட்டால் ஜீப் டிரைவர் பெனிஸ் உன் கையில் சேர்த்துவிடுவார் என்று நம்புகிறேன்.

2017இல் கோயம்புத்தூரில் என் இரைப்பையை வெட்டிக் குழாய் போல ஆக்கினார்களே, அந்தக் குழாய் இப்போது நடுவில் சுருங்கி மடங்கிக்கொண்டது. இட்லி இறங்குவதில்லை. சப்பாத்தியைப் பார்த்தாலே பயம். டீயில் நனைத்த பிஸ்கட், பாயசம், ஐஸ்கிரீம் மட்டும் வழுக்கிக்கொண்டு இறங்குகிறது. அதைத் தின்று உயிரோடு இருக்கிறேன், அதனாலேயே எடையும் ஏறுகிறது. நூற்றி இருபத்து நாலில் இருந்து எண்பத்திரண்டுக்கு வந்தவள், இன்று நூற்றொன்பது. ஸ்கூல் கிளார்க் போன வாரம் எல்லார் முன்னாலும், “டீச்சர் மறுபடியும் வாயைக் கட்ட மாட்டேங்கறாங்களாட்ட இருக்குது” என்றார். சிரித்துவிட்டு வகுப்புக்குப் போனேன்.

படுத்தால் அமிலம் மேலே வருகிறது, தொண்டை கட்டிப்போனதும் அதனால்தான். நான்கு தலையணை வைத்துச் சாய்ந்துதான் தூக்கம். டிசம்பரில் அது நுரையீரலுக்குள் போய் ஆறு நாள் அட்மிட் ஆகியிருந்தேன். நீ பயப்படுவாய் என்று சொல்லவில்லை. டாக்டர் இப்போது திருத்த ஆபரேஷன் செய்தே ஆக வேண்டும், குடலோடு நேராக இணைக்கும் பைபாஸாக மாற்ற வேண்டும், தள்ளிப்போட்டால் உணவுக்குழாய் புண்ணாகி வேறு விதமாக மாறும் என்கிறார்.

பாலிசி போட்டுக் கொடுத்த ஏஜென்ட் நீதானே. இன்சூரன்ஸ் கம்பெனியில் முன்அனுமதி வாங்க என்னென்ன காகிதம் கேட்பார்கள், எப்படி எழுத வேண்டும் என்று விவரமாகச் சொல்.

மாமாவுக்கு என் ஸ்தோத்திரம்.

உன் தங்கை,
ஃபெபி


அவலாஞ்சி,
27.1.2025

என் ஃபெபிக்கு,

உன் கடிதம் கண்டேன். ஆறு நாள் ஆஸ்பத்திரியில் கிடந்துவிட்டு அக்காவிடம் சொல்லவில்லை என்றால் உன்னை என்ன செய்வது? இங்கே நாங்கள் சுகம். மாமா முழங்காலில் கம்பளித்துணி சுற்றிக்கொண்டு ஷிப்டுக்குப் போகிறார். லிஜி வந்து நாலு நாள் இருந்துவிட்டுப் போனாள்.

கவனமாகக் கேள். டாக்டர் எழுதும் கடிதத்தின் முதல் வரியில் ‘எடை’ என்ற சொல் வரக் கூடாது. ‘முந்தைய அறுவை சிகிச்சையால் ஏற்பட்ட சுருக்கம்’ என்று தொடங்கச் சொல். எடை என்று பார்த்தாலே, அழகுக்காகச் செய்துகொள்கிறாள் என்று தள்ளிவிடுவார்கள். எண்டோஸ்கோபி ரிப்போர்ட், பேரியம் குடிக்கவைத்து எடுத்த எக்ஸ்ரே, டிசம்பர் மாத டிஸ்சார்ஜ் சம்மரி மூன்றையும் சேர்த்து வை. எல்லாவற்றிலும் ஒரே பெயர், ஒரே வயது இருக்கிறதா என்று பார்த்துக்கொள். நாலு வருடமாக ஒரு தவணை தவறாமல் கட்டியிருக்கிறாய். கிடைக்கும்.

கோயம்புத்தூர் கிளையில் சரத் என்று ஒரு தம்பி இருக்கிறார். என் பெயரைச் சொன்னால் உதவுவார்.

தைரியமாக இரு. நான் இருக்கிறேன்.

அன்பு அக்கா,
எல்சா


குன்னூர்,
22.2.2025

அன்புள்ள அக்காவுக்கு,

சுகமா? மாமா சுகமா? நான் எழுதுவதைக் கொஞ்சம் உட்கார்ந்து படி.

நீ சொன்னபடியே எல்லாம் செய்தோம். முதல் பதில் எட்டு நாளில் வந்தது. ‘நோயாளி உணவுக் கட்டுப்பாட்டைக் கடைப்பிடிக்காததால் எடை கூடியுள்ளது’ என்று நிராகரித்திருந்தார்கள். என் வயிற்றைத் தொட்டுக்கூடப் பார்க்காத ஒருவர் எழுதிய வரி அது. டாக்டர் கோபப்பட்டு, எக்ஸ்ரேயில் மடிப்பு இருக்கும் இடத்தை வட்டம் போட்டு மறுபடியும் அனுப்பினார்.

நேற்று இரண்டாவது பதில். இதில் எடையைப் பற்றி ஒன்றுமே இல்லை. ‘2017இல் நடந்த அறுவை சிகிச்சை, பாலிசி எடுக்கும்போது விண்ணப்பத்தில் மறைக்கப்பட்டுள்ளது. எனவே கிளைம் நிராகரிக்கப்படுகிறது. பாலிசியை ரத்து செய்ய நடவடிக்கை எடுக்கப்படும்.’

மறைத்தேனா? யாரிடம்? அந்த ஐந்து நாளும் என் கட்டில் பக்கத்தில் ஸ்டூலில் உட்கார்ந்திருந்தவள் நீ. படிவம் எழுதும்போதும் நீதான் எதிரில் இருந்தாய். நான் கையெழுத்து மட்டும் போட்டேன். அதன் பிறகு ஊட்டியில் கம்பெனி டாக்டர் ஒருவர் என்னைப் பரிசோதித்தாரே, தழும்பைப் பார்த்து விசாரித்தாரே, அவரிடமும் எல்லாவற்றையும் சொன்னேன். அந்த ரிப்போர்ட்டைக் கேட்டால் ஃபைலில் இல்லை என்கிறார் சரத். “மேடம், படிவத்துல ‘இல்லை’ன்னுதான் டிக் இருக்குதுங்க. நான் என்னங்க பண்றது” என்கிறார்.

உன்னிடம் படிவத்தின் நகல் இருக்குமா? ஊட்டி டாக்டரின் ரிப்போர்ட் நகல்? ஏஜென்ட்டுக்கு ஒரு பிரதி வரும் என்று அன்றைக்கு நீ சொன்னதாக ஞாபகம். உடனே பதில் எழுது.

உன் தங்கை,
ஃபெபி


அவலாஞ்சி,
18.3.2025

அன்புள்ள ஃபெபிக்கு,

எல்லாரும் சுகமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். பதில் தாமதமாகிவிட்டது. இங்கே பராமரிப்புக்காக மிஷினை நிறுத்தியிருக்கிறார்கள். மாமாவுக்கு டபுள் ஷிப்ட். டூரிஸ்ட் வண்டிகள் வரத் தொடங்கிவிட்டன, ஃபாரஸ்ட் செக்போஸ்ட் வரை வரிசை நிற்கிறது. லிஜிக்குப் பரீட்சை. இந்த வருடம் பனி பிந்தியும் விழுந்ததால் நான் போட்டிருந்த பீன்ஸ் கருகிவிட்டது.

நீ கேட்ட காகிதங்களைத் தேடினேன். கேத்தியிலிருந்து இங்கே மாற்றலாகி வந்தபோது இரண்டு பெட்டி நனைந்து போனது. அதில் போயிருக்க வேண்டும்.

படிவம் எழுதிய அன்று உன் வீட்டுக்காரர் டெனினும் மேஜையில் இருந்தார். அவரும்தான் எழுதினார். நீ அவரையும் ஒருமுறை கேட்டுப் பார்.

உடம்பைப் பார்த்துக்கொள். ஜெபத்தில் நினைத்துக்கொள்கிறேன்.

எல்சா


குன்னூர்,
2.4.2025

அன்புள்ள அக்காவுக்கு,

மாமாவுக்கும் உனக்கும் சுகம் உண்டாகட்டும்.

எழுதிக் கொடுத்துக் கேட்டதில் கம்பெனி படிவத்தின் நகலை அனுப்பிவிட்டது. இரண்டு பக்கம். முதல் பக்கத்தில் பெயர், முகவரி, உயரம், எடை எல்லாம் டெனினின் கையெழுத்து. பார்த்ததும் தெரிந்துவிட்டது. இரண்டாம் பக்கத்தில் நோய் பற்றிய கேள்விகள். அங்கே எழுத்தே இல்லை, டிக் மட்டும்தான். ‘இதற்கு முன் அறுவை சிகிச்சை ஏதேனும்?’ இல்லை. கீழே என் கையெழுத்து.

நீ சொன்னபடி டெனினைக் கேட்டேன். “முதப் பக்கம் நான் எழுதினேன். ரெண்டாவது உங்கக்கா போட்டாங்க. ‘ஆபரேசனை எழுதோணுமில்லீங்களாக்கா’ன்னு நான் கேக்கக்கூட கேட்டேன். பழசு, தேவையில்லைன்னு அவங்கதான் சொன்னாங்க” என்றார்.

நான் கத்திவிட்டேன், அக்கா. இருக்கிற குரலையெல்லாம் சேர்த்துக் கத்தினேன். 2017இலேயே ஆபரேஷன் வேண்டாம் என்றவர் இவர். அன்றைக்கு எனக்காக நின்றவள் நீ. இப்போது தப்பு தன் மேல் வரும் என்றதும் உன் தலையில் போடுகிறாரே என்று எனக்குத் தாங்கவில்லை. “உங்களைக் காப்பாத்திக்க எங்கக்காவை இழுப்பீங்களா?” என்று கேட்டேன். அவர் அன்றிலிருந்து ஹாலில் படுக்கிறார். காலையில் டீ போட்டு என் பக்கத்தில் வைத்துவிட்டு ஃபேக்டரிக்குப் போய்விடுகிறார். நாங்கள் பேசிப் பதினொரு நாள் ஆகிறது.

நீ ஒரு வரி எழுது. டெனின் சொல்வது தவறு என்று ஒரே ஒரு வரி. அவர் கண் முன்னால் வைத்துவிடுகிறேன்.

உன் தங்கை,
ஃபெபி


குன்னூர்,
5.5.2025

அக்காவுக்கு,

ஒரு மாதம் ஆகிவிட்டது. பெனிஸை ஊட்டி பஸ் ஸ்டாண்டில் டெனின் பார்த்திருக்கிறார். “அம்மா கையிலயே குடுத்தேனுங்க, அங்கேயே பிரிச்சுப் படிச்சாங்க” என்றாராம். ஆக, கடிதம் உனக்குக் கிடைத்துவிட்டது.

ஏப்ரல் 23 அன்று ஸ்கூல் பிரேயரில் நின்றுகொண்டிருந்தபோது வாந்தி வந்தது. ஓடக்கூட முடியவில்லை. நானூறு பிள்ளைகள் முன்னால், என் புடவையிலேயே. அதில் ரத்தம் இருந்தது. மறுபடி அட்மிட், ரத்தம் ஒரு பாட்டில். உணவுக்குழாயில் புண் வந்துவிட்டது என்கிறார் டாக்டர். ஜூலையைத் தாண்டவிட முடியாது என்று டெனினைத் தனியாகக் கூப்பிட்டுச் சொல்லியிருக்கிறார். டெனின் தன் பி.எஃப். பணத்துக்கு எழுதிப்போட்டார். ஆபரேஷன் செலவில் அது கால் பங்குகூட வராது.

காப்பீட்டுக் குறைதீர்ப்பாளருக்கு மனு போட்டிருக்கிறோம். ஜூன் 12 விசாரணை. வீடியோவில் பேச வேண்டும். நான் மறைக்கவில்லை என்று காட்ட என் கையில் ஒரு காகிதமும் இல்லை.

ஒரு வரி எழுத ஏன் இத்தனை நாள், அக்கா?

ஃபெபி


அவலாஞ்சி,
14.5.2025

ஃபெபிக்கு,

சுகம் விசாரிக்கும் தகுதி எனக்கு இல்லை. இருந்தும் கேட்கிறேன், ரத்தம் நின்றதா?

இந்தக் கவரில் இரண்டு காகிதம் இருக்கிறது. ஒன்று ஊட்டி டாக்டரின் ரிப்போர்ட் நகல். 2021 ஏப்ரல் 6. ‘வயிற்றில் ஐந்து சிறு தழும்புகள், 2017இல் இரைப்பைக் குறைப்பு அறுவை சிகிச்சை செய்துகொண்டதாக நோயாளி கூறினார்’ என்று எழுதிக் கம்பெனி முத்திரையோடு இருக்கிறது. அது நனையவில்லை. எந்தப் பெட்டியும் நனையவில்லை. என் பீரோவில், பைபிளுக்கு அடியில் இருந்தது. இன்னொன்று நான் கையெழுத்துப் போட்ட வாக்குமூலம்.

டெனின் சொன்னது உண்மை. இரண்டாம் பக்கம் நான் போட்டது. அவர் கேட்டதும் உண்மை, நான் வேண்டாம் என்றதும் உண்மை.

அன்று 2021 மார்ச் 27. வருடக் கணக்கு முடிய நாலு நாள்தான் இருந்தது. ஒரு பாலிசி குறைந்தால் என் ஏஜென்சி போய்விடும். ‘ஆம்’ என்று டிக் போட்டால் படிவம் சென்னைக்குப் போகும், ஒரு மாதம் இழுக்கும், கடைசியில் வேண்டாம் என்றும் சொல்லலாம். உனக்குப் பாலிசி கிடைக்க வேண்டுமே என்றுதான் செய்கிறேன் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். அது பாதி உண்மை. உன் எடையைப் பார்த்து கம்பெனி மெடிக்கல் கேட்கும் என்று நான் எதிர்பார்க்கவில்லை. ஊட்டி டாக்டர் எல்லாவற்றையும் எழுதிவிட்டார். படிவம் ஒன்று சொல்கிறது, ரிப்போர்ட் ஒன்று சொல்கிறது. இரண்டும் ஒரே ஃபைலில் போனது. பத்து நாள் எனக்குச் சோறு இறங்கவில்லை. பிறகு பாலிசி வந்தது. அங்கே யாரும் சேர்த்துப் படிக்கவில்லை.

பிப்ரவரியில் நீ கேட்டபோதே இதை அனுப்பியிருக்கலாம். அனுப்பினால் டிக் போட்டது யார் என்ற கேள்வி வரும். மாமாவிடம் சொன்னேன். “எழுதிக் குடுத்தா உன்ற லைசென்ஸ் போயிரும். அதோட நிக்குமா? நீ போட்ட மத்த ஃபார்மெல்லாம் தோண்டுவாங்க” என்றார். அவர் சொன்னதிலும் உண்மை இருக்கிறது. கேத்தியில் ஒன்பது வீட்டுக்கு இதே போலப் போட்டிருக்கிறேன். ஒருவருக்குச் சர்க்கரை, ஒருவருக்கு இதயத்தில் ஸ்டென்ட். எல்லாரும் என்னை நம்பி வெற்றுப் படிவத்தில் கையெழுத்துப் போட்டவர்கள். நான் வாயைத் திறந்தால் அந்த ஒன்பது வீட்டுப் பாலிசியும் போகும் என்று சொல்லிக்கொண்டே உன்னை விட்டுவிட்டேன்.

‘டெனினைக் கேட்டுப் பார்’ என்று எழுதினேனே, அந்தக் கடிதத்தை ஒட்டிய பிறகு, பிரித்து அந்த வரியை அடிக்கலாமா என்று கையில் வைத்துக்கொண்டு நின்றேன். வெளியே பெனிஸ் ஹார்ன் அடித்தார். கொடுத்துவிட்டேன். நீ இப்படி அவரோடு சண்டை போடுவாய் என்று தெரியாது என்று எழுதத்தான் ஆசை. தெரியும், ஃபெபி. நீ என் பக்கம்தான் நிற்பாய் என்று தெரிந்துதான் எழுதினேன்.

விசாரணைக்கு நானும் வருகிறேன்.

எல்சா


குன்னூர்,
21.5.2025

எல்சாவுக்கு,

கவர் கிடைத்தது. ரிப்போர்ட்டும் வாக்குமூலமும் நேற்று ரிஜிஸ்டர் தபாலில் போய்விட்டன. விசாரணை காலை பதினொன்றரைக்கு. ஊட்டியில் ஏதாவது நெட் சென்டரில் உட்கார்ந்துகொள். இணைப்பு எண்ணைப் பெனிஸிடம் கொடுத்தனுப்புகிறேன்.

கடிதத்தை டெனினிடம் கொடுத்தேன். நின்றபடியே இரண்டு தடவை படித்தார். “ரிப்போர்ட்டை ஜெராக்ஸ் எடுத்து அனுப்போணும், இத நம்ம கையிலயே வெச்சுக்கலாம்” என்று மட்டும் சொன்னார். செருப்பை மாட்டிக்கொண்டு ஜெராக்ஸ் கடைக்குப் போய்விட்டார்.

ரத்தம் நின்றிருக்கிறது.

ஃபெபி


அவலாஞ்சி,
20.6.2025

ஃபெபிக்கு,

எப்படி இருக்கிறாய்? பதில் எழுத வேண்டும் என்று இல்லை. தெரிந்துகொள்ளத்தான் கேட்கிறேன்.

அன்று திரையில் சின்னக் கட்டத்துக்குள் உன்னைப் பார்த்தேன். ஆறு மாதத்தில் முகம் இப்படி வீங்கி, கண்ணைச் சுற்றிக் கறுத்துப் போகும் என்று நான் நினைத்திருக்கவில்லை. உன் பெயரைச் சொல்லிக் கூப்பிட வாயெடுத்தேன். விசாரணை நடக்கிறது, பேசக் கூடாது. விசாரணை அதிகாரி அம்மா என்னைக் கேட்டாரே, “தெரிந்தேதான் ‘இல்லை’ என்று குறித்தீர்களா?” என்று. “ஆமாங்க, தெரிஞ்சேதான்” என்று சொன்னபோது உன் கட்டத்தைத்தான் பார்த்தேன். நீ கீழே பார்த்துக்கொண்டிருந்தாய்.

என் லைசென்ஸை நிறுத்தி வைத்துக் கடிதம் வந்துவிட்டது. மூன்றாம் நாள் மாமா, “லிஜி பீசுக்கு நான் சொசைட்டியில லோன் கேக்கறேன்” என்றார்.

விசாரணை முடிந்த மறுநாளிலிருந்து கேத்திக்குப் போய்வருகிறேன். ஒன்பது வீடு. நானே ஒவ்வொருவருக்கும் கம்பெனிக்கு உண்மையை எழுதும் கடிதத்தைத் தயார் செய்து கொடுத்தேன். எட்டுப் பேர் கையெழுத்துப் போட்டார்கள். ஒரு வீட்டில் உள்ளேயே விடவில்லை. கேரட் கழுவும் ஷெட்டில் வேலை செய்யும் ஆறுக்குட்டி அண்ணனுக்குத்தான் ஸ்டென்ட். அவர் சம்சாரம் எல்லார் முன்னாலும், “ஏனுங்க டீச்சர் அக்கா, அவருக்கு ஏதாச்சும் ஆயிருந்தா நீங்க எங்கூட்டுக்கு வந்து நின்னிருப்பீங்களா?” என்று கேட்டார். உன்னை வைத்து என்னை இன்னும் அப்படித்தான் கூப்பிடுகிறார்கள், நான் டீச்சரே இல்லை, நீதான். அண்ணன் கையைத் துடைத்துக்கொண்டு வந்து கையெழுத்துப் போட்டார். அவர் பாலிசி நிற்குமா தெரியாது.

உன் முடிவு வந்ததும் யார் மூலமாவது சொல்லி அனுப்பு.

எல்சா


குன்னூர்,
3.8.2025

எல்சா அக்காவுக்கு,

நீயும் மாமாவும் சுகமாக இருக்க வேண்டும். லிஜிக்கு ஃபீஸ் கட்டியாகிவிட்டதா?

ஜூலை முதல் வாரம் உத்தரவு வந்தது. கம்பெனியின் சொந்த டாக்டரே எழுதி வைத்ததை மறைத்தார்கள் என்று கம்பெனி சொல்ல முடியாது, திருத்த அறுவை சிகிச்சைக்கு முழு அனுமதி கொடுக்க வேண்டும், பாலிசியை ரத்து செய்யக் கூடாது என்று இரண்டு பக்கம். சரத்தே போன் செய்து சொன்னார். எனக்குச் சந்தோஷம் வரவில்லை. ஸ்டாஃப் ரூம் நாற்காலியில் அப்படியே உட்கார்ந்துவிட்டேன். பக்கத்தில் இருந்த கிளார்க் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தார்.

14ஆம் தேதி ஆபரேஷன். நாலரை மணி நேரம். பழைய குழாயின் மேல் பகுதியைச் சின்னப் பையாக விட்டு, குடலை நேராக அதில் இணைத்திருக்கிறார்கள். மடிப்பு டாக்டர் நினைத்ததைவிட மோசமாக இருந்ததாம். இரண்டாம் நாள் காய்ச்சல் வந்து, கசிவு இருக்குமோ என்று மறுபடி ஸ்கேன் எடுத்தார்கள். இல்லை. ஒன்பதாம் நாள் வீட்டுக்கு வந்தேன். நேற்று கரைத்த இட்லி மூன்று ஸ்பூன் சாப்பிட்டேன். அது போன இடத்திலேயே இருந்தது. குரல் திரும்ப மாதக்கணக்காகும், முழுதாக வராமலும் போகலாம் என்கிறார்கள். ஏழாம் வகுப்புக் கணக்குக்கு மைக் கேட்டு ஹெச்.எம்.மிடம் எழுதிக் கொடுத்திருக்கிறேன்.

வார்டில் இருந்தபோது உன் கடிதங்களை நினைத்துக்கொண்டே கிடந்தேன். நீ போட்ட டிக்கை என்னால் மறக்க முடியும். கையெழுத்துப் போடுமுன் நானும் படித்துப் பார்த்திருக்க வேண்டும், அது என் தப்பு. உன் ஏஜென்சிப் பயமும் எனக்குப் புரிகிறது. என்னால் தாண்ட முடியாதது மார்ச் மாதக் கடிதம்தான். என் புருஷன் மூன்று வாரம் தன் வீட்டு ஹாலில் திருடனைப் போலப் படுத்திருந்தார். அப்போதும் காலை டீயை அவர்தான் கொண்டுவந்து வைத்தார்.

நான் அவரிடம் மன்னிப்புக் கேட்டுவிட்டேன். ஆஸ்பத்திரிக்குக் கிளம்பும் காலையில், பையை அடுக்கிக்கொண்டிருந்தபோது. “நீ கேட்டாச்சு, சரி. கேக்க வேண்டியவங்க இன்னும் கேக்கலயே” என்றார். கோபமாகச் சொல்லவில்லை. அதுதான் எனக்குக் கஷ்டமாக இருந்தது.

அவருக்குக் கடிதம் எழுதிவிடாதே. நாம் இருவரும் எழுதியது போதும். வரும் 17ஆம் தேதி ஞாயிறு, ஆராதனை முடிந்து பன்னிரண்டு மணிக்கு வீட்டில் இருப்போம். கிளம்பி வா. மாமாவைத் துணைக்குக் கூட்டி வராதே. கதவை டெனின்தான் திறப்பார். அங்கேயே அவரிடம் பேசு. நான் உள்ளறையில் இருப்பேன். சத்தம் கேட்டாலும் எழுந்து வர மாட்டேன், உனக்காகவும் பேச மாட்டேன், அவருக்காகவும் பேச மாட்டேன். அவர் உட்காரச் சொன்னால் உள்ளே வந்து என்னைப் பார். சொல்லாவிட்டால் திரும்பிப் போய்விடு, அடுத்த ஞாயிறு மறுபடியும் வா.

உன் தங்கை,
ஃபெபி